இரண்டாம் முறை பதினோராம் வகுப்பு

ரொறன்ரோவின் மேற்குப் பக்கம், ரெக்ஸ்டேலில், பழைய பண்டகசாலை ஒன்றைக் கூடைப்பந்து அரங்காக மாற்றியிருந்தார்கள். அதன் மூலையில் கண்ணாடி அடைத்த சிறிய அறைதான் பயிற்சியாளரின் அலுவலகம். வெளியே பந்துகள் தரையில் அடிபடும் சத்தம் ஓயவில்லை. அவர் சொல்வதைக் கேட்க நான் முன்னால் சரிந்து உட்கார வேண்டியிருந்தது. மகளுக்கு அவர்களுடைய கூடைப்பந்துப் பள்ளியில் இடம் உண்டு, செப்டெம்பரில் சேரலாம் என்றார். பிறகு, மிகச் சாதாரணமாக, பதினோராம் வகுப்பில் சேர்த்துக்கொள்வோம் என்றார்.

பதினோராம் வகுப்பை அவள் இந்த ஜூனில் முடிக்கிறாளே என்றேன்.

தெரியும் என்றார். இன்னொரு முறை படிக்கட்டும். ஒரு வருடம் கூடக் கிடைத்தால் உடம்பில் பலம் வரும், எறிதல் திருந்தும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஆட்கள் பார்க்க வரும் போட்டிகளில் இன்னுமொரு பருவம் ஆடலாம். இதற்கு ‘ரீகிளாஸ்’ என்று பெயர், இங்கே பலர் அப்படித்தான் செய்கிறார்கள். யோசித்துவிட்டு, மாத முடிவுக்குள் சொல்லுங்கள்.

மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவளுக்கு இது முன்பே தெரிந்திருந்தது.

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக அணியில் ஆட வேண்டும், அந்த உதவித்தொகையில் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. தொடக்கப் பள்ளியில் வந்த ஆசை. பியானோவும் பரதமும் போல இதுவும் போய்விடும் என்று காத்திருந்தேன். போகவில்லை. சாதாரணப் பள்ளி அணியில் ஆடும் பிள்ளையை அங்கிருந்து யாரும் வந்து பார்ப்பதில்லை. அதற்காகத்தான் இப்படிப்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. காலையில் பாடம், மதியத்துக்குப் பிறகு பயிற்சி, வார இறுதிகளில் எல்லை தாண்டிப் போட்டி.

பள்ளி தெரிவுசெய்யத் தெரியாதவள் அல்ல நான். அவள் நாலாம் வகுப்புக்குப் போகுமுன் ஸ்காபரோவில் நல்ல வசதியாக இருந்த வீட்டை விட்டு யூனியன்வில்லில் ஒரு நிலக்கீழ் வீட்டுக்கு மாறினோம். அந்தப் பள்ளியின் பெறுபேறு நல்லது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. எந்த ஆசிரியர் கணிதத்துக்கு நல்லவர், எந்தப் பள்ளியிலிருந்து மருத்துவத்துக்குப் போகிறார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரிந்தவர்களில் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். கூடைப்பந்துக்கு எந்தப் பள்ளி என்று யாரிடம் கேட்பது?

பதினோராம் வகுப்பை மறுபடி படிப்பது என்றால் எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். நான் படித்த யாழ்ப்பாணத்துப் பள்ளியில் வகுப்பேற்றம் கிடைக்காத பிள்ளைகள் கடைசி வாங்கில் இருந்தார்கள். மற்றவர்களைவிட உயரமாக, சட்டை கொஞ்சம் இறுக்கமாக. அவர்களிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. வருடம் முழுக்க அவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

கணவரிடம் சொன்னேன். பிரம்ப்டனில் மாலை வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"பாஸ் பண்ணின பிள்ளை ஏன் திருப்பிப் படிக்கவேணும்?"

"பலம் வாறதுக்காம்."

"பலத்துக்கு முட்டையைக் குடுப்பம்," என்று சப்பாத்தைப் போட்டார். கதவடியில் நின்று, "உனக்கு எது சரியெண்டு படுதோ அதைச் செய்," என்றார். அவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போகும் ஒவ்வொரு முறையும் எனக்குக் களைப்பு இரட்டிப்பாகும்.

அந்த வாரமே ஸ்ரௌவ்வில்லில் மச்சாள் வீட்டில் அவருடைய கடைசிப் பிள்ளைக்குப் பிறந்தநாள். கணவரின் அக்கா என்பதால் போகாமல் இருக்க முடியாது. மச்சாளின் பக்கத்து வீட்டு அன்ரியும் வந்திருந்தார். இரண்டு பிள்ளைகளை மருத்துவர்களாக்கியவர். அவரைத் தவிர்க்க நான் சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் றோல்ஸ் எடுக்க அங்கேயே வந்தார்.

"பிள்ளை இப்ப என்ன கிரேட்?"

"வாற வருசம் பள்ளிக்கூடம் மாறுறா அன்ரி."

"என்ன கிரேட் எண்டெல்லே கேட்டனான்."

மகள் எங்களுக்குப் பின்னால் குளிர்சாதனப் பெட்டிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். "கிரேட் லெவன் அன்ரி. அகெய்ன்."

அன்ரி கையிலிருந்த றோல்ஸைத் தட்டில் வைத்தார். "கெமிஸ்ட்ரியோ விழுந்தது?"

"இல்லை அன்ரி. கெமிஸ்ட்ரி தொண்ணூறு."

"அப்ப மற்ஸ்?"

"மற்ஸும் ஓகே. இது பாஸ்கெட்போலுக்கு."

"பாஸ்கெட்போலிலையும் பெயில் விடுறவையோ?"

மச்சாள் சிரித்துவிட்டார். மகளும் சிரித்தாள். நான் குழாயை மூடினேன். மகள் போனதும் அன்ரி என் ஈரக் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தினார். "மறைக்காதையும் பிள்ளை. எல்லா வீட்டிலையும் நடக்கிறதுதான். ஸ்காபரோவிலை ஒரு ரியூசன் சேர் இருக்கிறார், தூக்கிவிடுவார். நம்பர் அனுப்பிவிடுறன்."

கேக் வெட்டுவதற்கு முன்பே இலக்கம் வந்துவிட்டது. நான் நன்றி என்று பதில் போட்டேன். வேறு என்ன போடுவது?

திரும்பி வரும்போது மகள் காதில் எதையும் மாட்டவில்லை. பேசப்போகிறாள் என்று தெரிந்தது.

"நீங்கள் அவவுக்கு ஆன்சர் பண்ணேல்லை அம்மா."

"அவவுக்கு விளங்காது."

"ட்ரை பண்ணவே இல்லையே. அங்கை பாதிப் பிள்ளையள் ரீகிளாஸ். ஒருத்தருக்கும் அது ஒரு திங் இல்லை. யூ ஆர் தி வன் ஹூ இஸ் எம்பாரஸ்ட்."

"எனக்கு ஒரு வெக்கமும் இல்லை."

"ஓகே," என்றாள். ரொறன்ரோப் பிள்ளைகள் அந்தச் சொல்லை எத்தனை விதமாகச் சொல்வார்கள். அது நம்பாத ஓகே.

மறுநாள் வேலைத்தலத்தில் சாப்பாட்டு இடைவேளையில் படிக்கட்டில் நின்று, அவளுடைய இப்போதைய பள்ளியின் வழிகாட்டல் ஆசிரியையை அழைத்தேன். உண்மையில் நான் ஒரு தடையைத் தேடித்தான் அழைத்தேன். அமெரிக்க விதியில் இதற்கு இடமில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், முடிவை நான் எடுக்க வேண்டியதில்லை.

அவர் நிதானமாக விளக்கினார். அங்குள்ள பல்கலைக்கழகப் போட்டிகளின் பெரிய பிரிவுகளில் ஆட வேண்டுமானால் குறிப்பிட்ட முக்கிய பாடங்களைப் படித்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த நாளில் தொடங்கி நான்கு வருடங்களில் மூடிவிடும். வகுப்பைத் திருப்பிப் படித்தாலும் அது நிற்காது. அதற்குப் பிறகு படிப்பவற்றில் அநேகமானவை சேராது. பல குடும்பங்களுக்கு இது கடைசியில்தான் தெரியவருகிறது என்றார்.

எனக்கு வந்தது நிம்மதி. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் அவர் இன்னும் முடிக்கவில்லை. அவளுடைய புள்ளிகள் நன்றாக இருக்கின்றன, ஆகவே மறுபடி படிக்கும் அந்த வருடத்திலேயே பன்னிரண்டாம் வகுப்பின் முக்கிய பாடங்களையும் முடித்துவிட்டால் பிரச்சினை வராது, சுமை கூடும், அவ்வளவுதான் என்றார்.

வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அந்த இரண்டு பாதிகளையும் வைத்துக்கொண்டு ஓட்டினேன். முதல் பாதியை மட்டும் சொன்னால் பொய் இல்லை. அவள் அழுவாள், பிறகு பழைய பள்ளியிலேயே பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பாள், இங்கேயே ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போவாள். அன்ரிக்கும் விளங்கும்.

சோறு போட்டுக் கொடுத்துவிட்டு முதல் பாதியைச் சொன்னேன். அவள் கை நின்றது. "அப்ப முடிஞ்சுதா?" என்று கேட்டாள், முழுத் தமிழில். கவலை வந்தால் அவளுக்குத் தமிழ் வரும்.

மற்றப் பாதியையும் சொன்னேன்.

"அப்ப ரெண்டு கிரேட்டையும் ஒண்டாப் படிக்கவேணும்."

"ஓம். ஏலுமோ?"

"ஏலும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"அம்மா, ஏலும் எண்டு சொல்லுறன். நீங்கள்தான் யோசிக்கிறியள்."

அடுத்ததாகப் பயிற்சியாளரை அழைத்தேன். ஆசிரியரைக் கேள்வி கேட்டு வளர்ந்தவள் அல்ல நான். பேச வேண்டியதைக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் ஆங்கிலத்தில் இரண்டு தரம் சொல்லிப் பார்த்திருந்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களை எப்போது படிப்பாள், யார் படிப்பிப்பார்கள், பயணம் போகும் நாட்களில் என்ன செய்வது என்று கேட்டேன். அதெல்லாம் சரிவரும், வேறு பெற்றோர் இவ்வளவு கேட்பதில்லை என்றார். நேர அட்டவணையைப் பார்த்த பிறகுதான் பதில் சொல்வேன் என்றேன். சொல்லி முடித்ததும் இடம் போய்விடுமோ என்று பயம் வந்தது. போகவில்லை. இரண்டு நாட்களில் அட்டவணை வந்தது. ஆங்கிலமும் கணிதமும் பள்ளியில், மற்றவை இணையத்தில், பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு. சரி என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகும் அதைத் திருப்பித் திருப்பி வாசித்தேன்.

இப்போது விடியற்காலையில் யூனியன்வில்லிலிருந்து ரெக்ஸ்டேலுக்கு ஓட்டுகிறேன். நகரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு. பனி கொட்டும் நாட்களில் லொறிகளுக்கு நடுவே ஊர்ந்து போகிறோம். அவளை இறக்கிவிட்டு நோர்த் யோர்க்கில் வேலைக்கு வருவதற்குள் எனக்கு ஒரு நாள் முடிந்ததுபோல இருக்கும். அன்ரி எங்காவது கண்டால் "சேரிட்டை போறாவோ?" என்று கேட்கிறார். "ஓம் அன்ரி" என்கிறேன்.

பெப்ரவரியில் மிசிசாகாவில் ஒரு போட்டி. மகள் அன்று நன்றாகத்தான் ஆடினாள் என்று நினைக்கிறேன். எனக்கு இன்னும் சரியாகத் தெரிவதில்லை. முடிந்த பிறகு காருக்குள் இருந்து, நனைந்த தலையோடு கைபேசியைப் பார்த்தவள், "அம்மா, வெயிற்," என்றாள். நியூயோர்க் மாநிலத்தில் ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் துணைப் பயிற்சியாளர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஆட்டத்தின் ஒளிப்பதிவைப் பார்த்தாராம். எந்த வருடம் பள்ளியை முடிக்கிறாய் என்று கேட்டிருந்தார்.

"இந்த ஜூன்," என்றேன் நான்.

"அம்மா. நெக்ஸ்ட் இயர்."

"ஓம், ஓம். அடுத்த வருசம்."

அவள் பதிலை எழுதினாள். அனுப்புமுன் எனக்கு வாசித்துக் காட்டினாள். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. முக்கிய பாடங்கள் எல்லாம் இந்த ஜூனில் முடிந்துவிடும் என்பதையும் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தாள்.

நாலுமூலைச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, "மறுமொழி வந்ததோ?" என்று கேட்டேன்.

"இப்பதானே அனுப்பினனான். அவர் கனபேருக்கு எழுதியிருப்பார் அம்மா. டோன்ட் கெற் எக்சைற்றெட்."

அதை அவள் எனக்குத்தான் சொன்னாளா, தனக்கா என்று தெரியவில்லை. நெடுஞ்சாலையில் ஏறுமுன்பே தூங்கிவிட்டாள், கைபேசி மடியில் வெளிச்சம் மேலே பார்க்கக் கிடந்தது. போன வருடமே பன்னிரண்டாம் வகுப்புக்கு அனுப்பியிருந்தால் அந்த மனிதர் எழுதியிருப்பாரா? அல்லது வேறு யாராவது முன்பே எழுதியிருப்பார்களா? யாரிடமும் கேட்க முடியாத கேள்விகள்.

திங்கட்கிழமை அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பரீட்சை. காரில் படிக்கலாம் என்று புத்தகத்தை நான்தான் எடுத்து வைத்திருந்தேன். எழுப்புவோமா என்று யோசித்தேன். எங்கள் வீட்டுப் பக்கம் இறங்கும் வோர்டன் வெளியேறும் பாதை வந்தது. எழுப்பவில்லை.