மிதவைப் பெட்டி சொன்ன எட்டடி

பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சைக் களிம்பை ராஜரத்தினம் பழைய பல்துலக்கியால் தேய்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் வயர்லெஸ் பெட்டியை விட்டு நகரவில்லை. அவர் யாரையும் நம்பமாட்டார். மீன்காரர் நிறுத்துக் கொடுத்ததை வீட்டுத் தராசில் மறுபடி நிறுத்துப் பார்க்கிற ஆள்.

மலாய் மண்ணுக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. காஜா பெராங் ஊர்க் கடைக்காரர்கள் கூடி நடத்திய வெள்ள எச்சரிக்கைக் கூடம் அவர் பொறுப்பில் இருந்தது. ஆற்றின் மேல்பக்கம் மூன்று காவல் இடங்கள், மூன்றும் மூன்று விதம். ஓரிடத்தில் மழையளக்கும் குடுவை. பத்து பெரெண்டாம் என்ற ஊரில் வர்ணம் பூசிய அளவுக்கட்டை. அதற்கும் மேலே டுரியான் துங்காலில் புதிய மிதவைப் பெட்டி. குழாய்க்குள் நீர் ஏறினால் மிதவை ஏறும், முள் நகரும். வயர்லெஸ்களும் ஒரே இனமில்லை. பட்டாளம் கழித்துப்போட்டவை இரண்டு, புதியது ஒன்று. ஒன்றுக்குச் சரியான அலை மற்றதற்கு ஆகாது.

அன்று பிற்பகலில் குடுவை வழிந்தது. கட்டையில் நீர் ஏறியது. பெருவெள்ளம் வருமா என்று சொல்ல வேண்டியது மேலே இருந்த மிதவைப் பெட்டிதான். அதைக் காவல் காத்த இப்ராஹீமோ எப்போது கேட்டாலும் எட்டடி என்றான்; அது ஆபத்தில்லாத அளவு. பயல் படுக்கையிலிருந்தே ஒப்பிக்கிறான் என்று ராஜரத்தினம் முடிவு கட்டினார். போன மாதம் வீணாக ஆற்றோர வீடுகளைக் காலிசெய்யச் சொல்லி வசவு வாங்கியிருந்தார். இன்னொரு முறை பொய்த்தால் அப்புறம் ஒருவரும் அசையமாட்டார்கள். சொல்லாமல் விட்டு வெள்ளம் வந்தாலோ, உயிர் போகும்.

கோப்பி கொண்டுவந்த மனைவி சாரதாம்பாள் அவர் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அவன் உம்மா இங்கதான் ஆத்தோரத்துல கட்டிலோட கெடக்குறாங்க. பெத்தவ நனையட்டும்னு பொய் சொல்லுவானா? உங்க சந்தேகத்தக் கொஞ்சம் அந்த மிதவைப் பெட்டி மேலயும் வைங்க."

அவர் ஒலிவாங்கியை எடுத்தார். "இப்ராஹீம், பெட்டிய விடு. ஒன் கண்ணுக்கு என்ன தெரியுது?"

"பாலத்துக் காலே தெரியல அண்ணே. முள்ளு காட்டுறத மட்டும் சொல்லு, கத வேணாம்னு நீங்கதான சொன்னீங்க?"

ராஜரத்தினம் ஒலிவாங்கியைக் கீழே போட்டார். எச்சரிக்கை மணியடிக்க ஓடினார்.

முணுமுணுத்துக்கொண்டே சனம் மேட்டுக்கு ஏறியது. இப்ராஹீமின் தாய் மரியத்தைக் கையைப் பிடித்து இழுக்கவந்தவர்களைச் சாரதாம்பாள் தடுத்தாள். விரிப்பை உருட்டி முதுகுக்கடியில் செருகி, பிரம்பு நாற்காலிக்கு மாற்றித் தூக்கவைத்தாள். விளக்கேற்றும் நேரத்தில் அந்த வீட்டுக் கட்டில் மிதந்தது.

மறுநாள் காலை ராஜரத்தினம் லாரி பிடித்து டுரியான் துங்கால் போனார். குழாய்க்குள் நீளப் பிரம்பை விட்டுக் குடைந்து, அடைத்திருந்த சேற்றை எடுத்ததும் முள் விசுக்கென்று எழும்பியது. அதையும் நம்பாமல் பக்கத்திலேயே வர்ணக் கட்டை ஒன்றை அறைந்தார். இரண்டையும் பார், ஒத்துவராவிட்டால் கண்ணால் கண்டதைச் சொல் என்று இப்ராஹீமிடம் சொல்லிவிட்டு, கட்டையில் போட்டிருந்த அடி அளவுக் கோடுகளைத் தன் சொந்த நாடாவால் அளக்க உட்கார்ந்தார்.