வலிக்காத புண்

முதலில் வந்தது தலைவலிதான். கண்ணுக்குப் பின்னால் யாரோ அம்மியை நகர்த்துவதுபோல் இருக்கிறது என்றார் முரளி. என் கணவர் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர். ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாயங்காலம் கோவில்பதாகை வீட்டுக்குத் திரும்பியபோது, மின்விசிறியை நிறுத்திவிட்டு இரண்டு போர்வைக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தார். தொட்ட கை சுட்டது.

என்ன காய்ச்சல் என்றே தெரியாமல், இந்த நிமிஷம் எங்கோ ஒரு ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அழகாக எழுத எனக்கு வராது. வாய்தான் நீளம்.

தெருமுனை கிளினிக் டாக்டர் டெங்குவாக இருக்கும் என்றார். ஆவடிப் பக்கம் மழை விட்டதும் வீட்டுக்கு ஒருவர் படுப்பது வழக்கம்தான். பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்தது. ஆனாலும் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவுபவை) குறைந்துகொண்டே போயின. டைபாய்டுக்கு ஊசி போட்டார்கள். பப்பாளி இலைச் சாறு கொடு, நிலவேம்பு கொடு என்று எங்கள் அடுக்குமாடியில் தளத்துக்கு ஒரு வைத்தியர் கிளம்பினார். எல்லாவற்றையும் கொடுத்தேன். எல்லாவற்றையும் வாந்தி எடுத்தார்.

வெளியூர் எங்காவது போனீர்களா என்று டாக்டர் கேட்கத்தான் செய்தார். இல்லை, ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்டுவதோடு சரி என்றார் இவர். நல்ல உடற்பயிற்சி என்று டாக்டர் தலையாட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டினேன்.

இவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. இவரும் கூட்டாளிகளும் ஓட்டுவது கிராவல் சைக்கிள் என்ற ரகம். தார்ச்சாலை வண்டியும் இல்லை, முழு மலை வண்டியும் இல்லை. சரளையும் செம்மண்ணும் கலந்த பாதைக்கென்றே அகல டயர் போட்டது. நல்ல ரோடு கண் முன்னால் கிடக்க, அதை விட்டுவிட்டு மண்பாதை தேடி அலைகிற கூட்டம் இது. விடிவதற்கு முன் வேனில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போவார்கள். பகல் முழுக்கக் காட்டுக்குள் மிதிப்பார்கள். ராத்திரி தோசைக்கு வீடு வந்துவிடுவார்கள். இவர்கள் கணக்கில் ராத்தங்கினால்தான் வெளியூர்.

பாதை கண்டுபிடிப்பது ஏழுமலை. மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை வேலை. செல்போனில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி, காட்டுக்குள் நூல்போல் தெரியும் தடங்களை ஒன்றோடு ஒன்று கோத்து, ஒரு மலைக் கிராமத்தில் ஏறி இன்னொன்றில் இறங்கும்படி வழி போட்டுத் தருவார். காய்ச்சலுக்கு ஒன்றரை வாரம் முன்பு போன பாதையில், சாமைக் கொல்லைகளைத் தாண்டியதும் தடமே காணாமல் போயிருக்கிறது. இடுப்பளவு புல்லில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, களைத்துப் போய் அந்தப் புல்லிலேயே படுத்துக் கிடந்திருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். எனக்குக் காட்டியது மேகம் இறங்கிய ஒரு படம் மட்டும்.

இரண்டாவது வாரம் தொடங்கும்போது அவரால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். நேராக ஐ.சி.யூ. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, சிறுநீரகம் மந்தமாகிவிட்டது, கண்ணில் மஞ்சள் ஏறுகிறது என்று அங்கிருந்த பெண் டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். காரணம் இன்னும் பிடிபடவில்லை என்றார். மூச்சு இப்படியே போனால் வெண்டிலேட்டர் (செயற்கை சுவாசக் கருவி) வைக்க வேண்டிவரும், மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்றார். மனசை எப்படித் தயார் செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

உட்கார்ந்த இடத்திலிருந்தே மாங்காட்டு அம்மனிடம் வேண்டினேன். ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு வருகிறேன் தாயே என்று தொடங்கினேன். ஆறு வாரம் என்று சொன்னதும் அதுவரை இவர் இருப்பாரா என்று தோன்றிவிட்டது. வேண்டுதலைப் பாதியிலேயே விட்டுவிட்டேன்.

மத்தியானம் ஏழுமலை வந்தார். யார் கிடைப்பார்கள் என்று காத்திருந்த என் வாய்க்கு அவர் அகப்பட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நாளாவது அவரை வீட்டில் இருக்க விட்டீர்களா, உடம்பை உருக்குலைத்துவிட்டுப் பார்க்க வந்தீர்களா என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அந்த மனிதர் எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, ஏதாவது பேசவேண்டுமே என்பதற்காகத்தான் கேட்டிருப்பார்.

"அந்தப் புண்ணு ஆறிச்சா அண்ணி?"

"எந்தப் புண்ணு?"

சொல்லக் கூசினார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒன்னும் இல்ல அண்ணி, சீட்டுப் புண்ணு. நாளெல்லாம் ஒக்காந்துகினு ஓட்டுனா தொடை இடுக்குல வரும். எங்க எல்லாருக்கும் வர்றதுதான். கருப்பா பொருக்கு கட்டிகினு கீது, வலியே இல்லன்னு போன்ல சொன்னாரு. நான்தான் க்ரீம் தடவு தலைவா, ஊட்ல சொல்லாத, அடுத்த வாரம் உடமாட்டாங்கன்னேன்."

சீட்டுப் புண் வராதவன் சைக்கிளே ஓட்டவில்லை என்பது இவர்களுக்குள் ஒரு பெருமை. ஒருவர் க்ரீமை இன்னொருவர் வாங்கித் தடவுவார்கள், கிண்டல் செய்துகொள்வார்கள். வீட்டுக்கு மட்டும் மூச்சு விடமாட்டார்கள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், சீட்டுப் புண் வலிக்காதா என்று.

"எரியும் அண்ணி. ஒக்காரவே முடியாது." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியது.

செருப்பை மாட்டாமல் ஓடினேன். ஐ.சி.யூ. வாசலில் காவலாளி பார்வை நேரம் இல்லை என்று மறித்தார். நான் போட்ட சத்தத்தில் அந்த டாக்டரே வெளியே வந்தார். வலிக்காத கருப்புப் பொருக்கு என்று கேட்டதும் நேரே உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவருக்கும் வேர்த்திருந்தது.

"காட்டுக்குள்ள போயிருந்தாராம்மா?"

இது ஸ்க்ரப் டைபஸ் (உண்ணிக் காய்ச்சல்) என்றார். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் எஸ்கார் (சிகரெட்டால் சுட்டதுபோல் கருகிய பொருக்கு) வரும். வலிக்காது, அரிக்காது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு என்று மறைவான இடமாகப் பார்த்து இருக்கும். ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கினார். டாக்ஸிசைக்ளின் (ஒரு நுண்ணுயிர்க்கொல்லி). முகப்பருவுக்குக்கூடக் கொடுக்கிற மருந்தாம். முதல் வாரமே கொடுத்திருந்தால் இரண்டு மூன்று நாளில் எழுந்து உட்கார்ந்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். உண்மையைத்தான் சொன்னார். அந்த உண்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மருந்து போய்ச் சேருவதற்குள் மூச்சு முந்திக்கொண்டது. குழாய் வைக்கிறோம், ஒரு தரம் பார்த்துவிட்டு வாருங்கள் என்று உள்ளே விட்டார்கள். முகத்தை மூடிய மாஸ்க்கைக் கையால் கொஞ்சம் தூக்கினார்.

"வலிக்கவே இல்லடி. அதான் சொல்லல."

"எந்திரிச்சு வாங்க, உங்களை வச்சுக்கறேன்" என்றேன் நான். மூச்சுக்குத் திணறுகிற மனிதரிடம் அதைத்தான் சொன்னேன். நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டார். நான் அவரிடம் பேசிய கடைசிப் பேச்சு இதுவாகிவிடுமோ என்று அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பகலிலும் செத்தேன். நல்லதாக ஒரு வார்த்தை, சாமி, ஒரே ஒரு வார்த்தை சொல்ல விடு என்று கெஞ்சினேன். டயாலிசிஸ் (சிறுநீரகத்துக்குப் பதிலாக ரத்தத்தைச் சுத்தம் செய்வது) நடந்தபோது கண்ணாடிக்கு வெளியே நின்று உதட்டை அசைத்து அசைத்துச் சொன்னேன். அவர் கண் திறக்கவில்லை.

காய்ச்சல் இறங்கியது. நுரையீரலுக்குத்தான் அவசரமே இல்லை. ஒருவழியாகக் குழாயை எடுத்தபோது குரல் காற்றாக வந்தது. இன்றைக்கு என்ன திங்களா என்று கேட்டார். அவருக்கு அந்த நாட்களே இல்லை. ஒரு தூக்கம் போட்டு எழுந்த மாதிரிதான். அத்தனை நாளையும் அவருக்கும் சேர்த்து நான்தான் உட்கார்ந்து கழித்திருக்கிறேன் என்பதை எப்படிச் சொல்ல?

பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய மனிதரின் உடம்பை நான் வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை. நம் வீடுகளில் யார் பார்க்கிறார்கள்? அந்தப் பொருக்கு ஒரே கட்டிலில் என்னிடமிருந்து ஒரு கை தூரத்தில் இருந்திருக்கிறது. காரணம் தெரியாத காய்ச்சல் என்றால், தயவுசெய்து வெட்கத்தைத் தூக்கிப் போடுங்கள். விளக்கைப் போட்டு, துணியை விலக்கி, முழுக்கப் பாருங்கள். புல், புதர், மலை என்று எதை மிதித்திருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னும் எங்கள் இரண்டாம் மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார். இந்த லட்சணத்தில், ஒரு வருஷம் ஆகுமுன்பே மறுபடி மலை என்றார். வீட்டில் பாத்திரம் பறந்தது. சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு, அங்கே போனால்தான் எனக்கு உடம்பு இருப்பதே தெரிகிறது என்றார். அதற்கு மேல் எனக்குச் சண்டை போடத் தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, முழுக்கால் உடையும் பூச்சி விரட்டும் எண்ணெயுமாக அனுப்பினேன். புல்லில் படுக்கவில்லை, மேட்டில் எல்லாம் தள்ளிக்கொண்டுதான் நடந்தோம் என்று ஏழுமலை போனில் சத்தியம் செய்தார்.

வந்ததும் குளியலறை விளக்கின் கீழ் நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னேன். அக்குள், முழங்காலின் பின்புறம், இடுப்பு, தொடை இடுக்கு. கூச்சத்தில் சிரித்தார். ஒன்றும் இல்லை. ஆனால் பொருக்கு உடனே வராது, காய்ச்சலும் உடனே வராது. ஒன்றரை வாரம், சிலருக்கு அதற்கும் மேல். அதனால் தினமும் காலையில் பார்க்கிறேன். நெற்றியில் கை வைக்கிறேன். அலுவலகத்தில் போன் அடித்தால், யாரென்று பார்ப்பதற்குள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.

நேற்று அப்படிப் பார்த்து முடித்ததும், சட்டையை மாட்டிக்கொண்டே, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஏழுமலை வேறு ஒரு பாதை போட்டிருக்கிறார் என்று ஆரம்பித்தார். நெற்றியில் இருந்த கையை நான் எடுக்கவில்லை.

"நீங்க இன்னும் போன ஞாயித்துக்கிழமையிலேர்ந்தே வீடு வந்து சேரலங்க" என்றேன்.