மக்கத்துப் படத்துக்கு ஒரு பல்ப்

மாத்தளை டவுனில் எங்கள் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டம் சேர்த்தது தேத்தண்ணி அல்ல, காசு போட்டால் படம் காட்டும் பெட்டி. சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையிடம் வாப்பா வாங்கியது. ஐந்து சதம் போட்டுக் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தால் உள்ளே பல்ப் எரியும்; கப்பல், பனிமலை, யாரோ ஒரு ராணி என்று படங்கள் நகரும். கடைசிப் படம் மக்கத்துக் கஃபா. அதை மட்டும் வாப்பா கொழும்பில் தேடி வாங்கிச் செருகியிருந்தார்.

பெண்கள் கடைப்பக்கம் வருவதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காகக் கடையைச் சாத்தியதும் உம்மா என்னைக் கூட்டிக்கொண்டு உள்வாசலால் வருவார். மற்றப் படங்களை எனக்கு விட்டுக்கொடுப்பார். கஃபா வரும் நேரம் என்னைத் தள்ளிவிட்டுத் தான் பார்ப்பார். அந்த விஷயத்தில் உம்மாவுக்கு இரக்கமே கிடையாது.

ஹஜ்ஜுக்குப் போவோமா என்று உம்மா கேட்பதும், வாற வருஷம் பார்ப்போம் என்று வாப்பா சொல்வதும் எங்கள் வீட்டில் தவறாமல் நடக்கும். வெளிநாட்டுச் சாமானும் வராத, வெளிநாடு போக அரசாங்கம் காசும் மாற்றித் தராத காலம்.

அப்போதுதான் பல்ப் கருகியது. டோர்ச் பல்ப் போட்டால் கஃபா இருட்டோடு இருட்டாக நின்றது. சைக்கிள் பல்ப் பொருந்தவில்லை. வாப்பா யட்டவத்த வரை போய் ரேடியோ திருத்துபவர்களிடம் சிங்களத்தில் கெஞ்சிப் பார்த்தார். கடையைப் போட்டுவிட்டு ஒரு சின்னப் பல்புக்கு இந்தப் பாடா என்று மாமா கேலி செய்தார். கடைசியில் தம்புள்ளைப் பக்கமிருந்து வந்த லொறிக்காரர் ஒருவர் முன்விளக்குப் பல்ப் ஒன்றைக் கொடுத்தார். வாப்பா அதைக் கம்பி சுற்றிப் பொருத்தி, பழைய பெட்டரி ஒன்றோடு இணைத்தார்.

அந்த வெள்ளி ஜும்ஆ முடிந்து வந்தவர் கடையைத் திறக்கவில்லை. உம்மாவைக் கூப்பிட்டுத் தானே காசைப் போட்டார். துளை வழியாக வந்த வெளிச்சம் உம்மாவின் கன்னமெல்லாம் விழுந்தது. அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்கு இன்றைக்கும் ஆசை. மக்கம் வந்ததும் படம் சிக்கி நின்றது. தீய்ந்த வாடை வந்தும் உம்மா கண்ணை எடுக்கவில்லை. புகை கிளம்பிய பிறகுதான் விலகினார்.

வாப்பா பெட்டியைத் திறந்தார். கஃபா இருந்த இடத்தில் ஓட்டை.

"வெசனப்பட வாணாம்," என்றார் உம்மா. "நான் நல்லா பாத்துட்டேன். இனிப் போகாட்டியும் பரவாயில்ல."

வாப்பா தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெட்டி கெட்டதற்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து, மற்றப் படங்களெல்லாம் பழுதில்லாமல் இருக்கின்றன என்று நான் அவரைத் தேற்றினேன்.