எட்டுத் தப்படியும் லேசர் வெளிச்சமும்

போன செவ்வாய்க்கிழமை மார்டின்டாரிலிருந்து தலைநகர் சுவாவுக்குப் போய்வந்தேன். இந்த முதுகுவலியோடு எதற்கு என்று மகள் கேட்டாள். எல்லாம் ஒரு எல்லைக் கட்டைக்காக.

இரண்டாயிரத்தில் இந்தத் தீவில் ஆட்சியைக் கவிழ்த்து இந்தியர்களை விரட்டியபோது, கரும்புத் தோட்டத்தைப் போட்டது போட்டபடி விட்டு ஓடினோம். மூன்று வாரம் கழித்துத் திரும்பினால், எங்களுக்கும் ஓரகத்தி சரோஜாவுக்கும் நடுவிலிருந்த கட்டை எட்டுத் தப்படி எங்கள் பக்கம் தள்ளி நின்றது. தொடவே இல்லை என்று சாமி விளக்கின் மேல் சத்தியம் செய்தாள். மறு வருடமே குடும்பத்தோடு ஆக்லாந்து போய்விட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. குத்தகை முடிந்து நிலமும் போயாயிற்று. அவள் சொன்ன பொய் மட்டும் போகவில்லை.

சின்ன சாட்டிலைட்டிலிருந்து லேசரால் தூரம் அளப்பதைச் சுவா பல்கலைக்கழகத்தில் விளக்கிக் காட்டுவதாக ரேடியோவில் கேட்டேன். கட்டை நகர்ந்ததை அது காட்டிக்கொடுக்கும் என்று நினைத்தேன். கிணற்றிலிருந்து பழைய கட்டை வரைக்கும் என் வீட்டுக்காரர் அளந்து முடிச்சுப் போட்டு வைத்த கயிற்றைப் பையில் வைத்துக்கொண்டேன்.

காலை ஏழரைக்கு பஸ். இருபது டாலர். நூற்றித் தொண்ணூறு கிலோமீட்டர். பன்னிரண்டு மணிக்கு இறங்கும்போது கால் மரத்திருந்தது.

அங்கிருந்த பெண்ணுக்குத் தமிழ் வராது. பாட்டி என்பதற்கு இங்கத்து ஹிந்தியில் ஆஜி. அந்த ஹிந்தியில் அவள் சொன்னது இது: “ஆஜி, லேசர் வெளிச்சம் தரையில பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகுதுன்னு பாத்துத்தான் தூரம் கண்டுபிடிக்கிறோம். கட்டையெல்லாம் அதுக்குத் தெரியாது.”

“ஐந்நூறு கிலோமீட்டர் மேலேயிருந்து தரை தெரியுது, எட்டுத் தப்படி தெரியாதா?”

“கீழ வர்றதுக்குள்ள வெளிச்சம் விரிஞ்சிடும் ஆஜி.”

என் கயிற்றில் பன்னிரண்டு மீட்டர் அளந்து புல்லில் நீட்டிக் காட்டினாள். ஒரு பொட்டு வெளிச்சம் அவ்வளவு அகலமாம். எட்டுத் தப்படி நடந்து பார்த்தேன். பாதிக் கயிறு மீதி இருந்தது. பழைய கட்டை, புதுக் கட்டை இரண்டும் ஒரே பொட்டுக்குள். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு இரண்டு மணி பஸ்ஸில் ஏறினேன்.

பாதி வழியில் சிங்கடோகாவில் பஸ் நின்றது. இனிச் சாட்சி ஒருத்திதான். மகள் போனில் பதிந்து கொடுத்திருந்த ஆக்லாந்து நம்பரை அழுத்தினேன்.

“யாரு, அக்காவா?”

“எட்டுத் தப்படி. சாட்டிலைட்டுக்குத் தெரியலையாம். உனக்குத் தெரியும்.”



“ஏழுதான் அக்கா. எண்ணித்தான் நட்டேன்.”

போகிறவர்களுக்கு: சுவா போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள், கடல் தெரியும். முதுகுக்கு ஒரு தலையணை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கடோகாவில் பதினைந்து நிமிடம்தான் நிறுத்துவார்கள். எனக்குப் போதவில்லை. ஏழா எட்டா என்பது இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிடுகிறாளாம்.