பின்பக்கத்து ஏழு ஓட்டைகள்

எங்கள் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வேலையை முடித்துக்கொண்டு சீமைக்குக் கிளம்பும்போது, அவருடைய டாங்கியைச் சின்ன அளவில் செய்து தோட்டத்தின் பரிசாகக் கொடுப்பது என்று ஆபீஸ் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி முடிவு செய்தார். ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங்கும் பெயிண்டும் என் பொறுப்பு. அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் மறுக்கவில்லை. அப்படி ஒரு நாளுக்காகத்தான் ஆறு மாதமாகக் கறுவிக்கொண்டிருந்தேன்.

டாங்கி என்று நாங்கள் சொன்னது பட்டாளத்து டாங்கி அல்ல. அவசரகாலத்தில் காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள் துரைமார்களைக் குறிவைத்துச் சுட்டார்கள். அதற்காக ஒரு பழைய வேனுக்கு நான்கு பக்கமும் இரும்புத் தகடு அடித்துக் கொடுத்திருந்தோம். அதை ஓட்டியவர் என் அண்ணன்.

ஆறு மாதத்துக்கு முன்பு இருவரும் போர்டிக்சன் டவுனிலிருந்து திரும்பும்போது, தோட்டத்துக்குள் திரும்பும் வளைவில் ஒரு மரம் குறுக்கே கிடந்தது. துரை உயிரோடு வந்து சேர்ந்தார், அண்ணன் வரவில்லை. டிரைவர் எதிரிகளின் ஆள், வண்டியை நிறுத்திவிட்டு அவர்களிடம் ஓடினான், துரை நேருக்கு நேராக நின்று சுட்டு அவர்களை விரட்டினார், அந்தச் சண்டையில் அவன் செத்தான். இதுதான் துரை சொன்ன கதை. ஊரே நம்பியது.

அன்று மத்தியானமே, போலீஸ் வருவதற்குள் வண்டியைச் சரிசெய்யச் சொன்னார். அண்ணனைப் பறிகொடுத்து புத்தி பேதலித்து நின்ற நான், சொன்னதைச் செய்தேன். பின்பக்கத் தகட்டில் ஏழு ஓட்டைகள். முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஏழையும் வெல்டு வைத்து அடைத்து, தேய்த்து, பச்சை பெயிண்ட் அடித்து முடித்த பிறகுதான் விஷயம் மண்டையில் ஏறியது. மரத்தைத் தள்ள அண்ணனை இறக்கிவிட்டிருக்கிறார். சுடும் சத்தம் கேட்டதும் அவரை விட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடி, சுற்றுவழியில் தோட்டத்துக்கு வந்திருக்கிறார். அண்ணனுக்கு இருந்த ஒரே சாட்சியை நானே பெயிண்ட் அடித்து மூடிவிட்டேன். வெளியே சொன்னால் நானும் எதிரியின் ஆளாகி விடுவேன், போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். வாயை மூடிக்கொண்டேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அண்ணி கைக்குழந்தையோடு இருந்தார். துரை கிளம்புவதற்குள் தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு. குழாயடியில் அவர் வாளியை வைத்தால் மற்றப் பெண்கள் தங்கள் வாளியைத் தள்ளி வைத்தார்கள். காட்டுக்காரன் பொண்டாட்டி என்று காதுபடவே பேசினார்கள்.

"வீடு போனா போவுது தம்பி," என்றார் அண்ணி. "புள்ள பெருசாகி அப்பா யாருன்னு கேட்டா நான் என்னா சொல்றது? அதான்லா எனக்குக் கவலை."

வேலையைத் தொடங்கினேன். அடிக்கு ஓர் அங்குலம் என்று அளவு. மெல்லிய பலகையில் கூடு. அதன்மேல் பிஸ்கட் டின்னை வெட்டிப் பதித்த தகடு. பழைய செருப்பு ரப்பரில் சக்கரம். தகட்டு மூட்டுகளில் இருந்த ஆணித்தலைகள் ஒன்றுகூட விடாமல் புள்ளி வைத்தேன். பச்சை காய்ந்ததும் வளைவிலிருந்து செம்மண் எடுத்து வந்து, வார்னிஷில் குழைத்துச் சக்கரத்தில் தெளித்தேன்.

கிராணி எட்டிப் பார்த்தார். "முன்னால நாலஞ்சு குண்டு அடி இருக்கணும்யா. துரை நின்னு சுட்டதுக்கு அதுதானே அடையாளம்."

"இருந்த மாதிரியே செஞ்சிடுறேங்க," என்றேன்.

கடைசி இரண்டு நாள் பெயிண்ட் காயவேண்டும் என்று சொல்லித் துணி போட்டு மூடிவைத்தேன். அந்த மறைவில் பின்பக்கத் தகட்டில் ஏழு ஓட்டைகளையும் ஆணியால் வெளியிலிருந்து அடித்தேன். ஓரம் உள்பக்கமாக மடிந்தது. பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் வெள்ளி வர்ணம், அதைச் சுற்றி விளக்குக் கரி, கீழே இரும்புத்தூளைக் கரைத்துத் துருக் கோடு. அந்த ஏழின் இடத்தையும் நான் அளந்து பார்க்கவே தேவையில்லை. கண்ணை மூடினால் தெரிந்தது.

ஆபீஸ் முன்னால் பந்தலில் தேநீர் விருந்து. பக்கத்துத் தோட்டத்துத் துரைமார்களும், சிரம்பான் டவுனிலிருந்து ஒரு மலாய்க்காரப் போலீஸ் அதிகாரியும் வந்திருந்தார்கள். துரைக்கு மாலை போட்டார்கள். நான் துணியை எடுத்து, பின்பக்கம் கூட்டத்தைப் பார்க்கும்படி மேசைமேல் வைத்தேன்.

துரையின் முகம் வெளுத்தது. அதிகாரி அதைத் தூக்கி, ஓட்டைகளை விரலால் தடவினார். சண்டை முன்பக்கம்தானே நடந்தது என்று மலாயில் கேட்டார். துரை சிரித்து, இவன் ஏதோ தப்பாகச் செய்துவிட்டான் என்றார்.

நான் முன்னால் வந்தேன். எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிவிட்டேன். வண்டி அதோ நிற்கிறது, பின்பக்கத்தைச் சுரண்டிப் பாருங்கள், அடைத்தவன் நான்தான்.

அதிகாரி பேனாக்கத்தியோடு எழுந்து போனார். பச்சை உரிய உரிய, நான் வைத்த வெல்டு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஏழு. பிறகு முன்பக்கத்தை மூன்று இடத்தில் சுரண்டினார். அங்கே வெறும் இரும்பு. அடைக்கச் சொன்னது யார் என்று கேட்டார். அதுவரை துரையின் கண்ணை நேருக்கு நேர் பார்த்திராத நான், விரலை நீட்டிக் காட்டினேன். அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை.

துரைக்குத் தண்டனை ஒன்றும் கிடைக்கவில்லை. கப்பலுக்கு நேரத்தோடு கிளம்பினார். ஆனால் அண்ணன் துரோகி இல்லை என்று அதிகாரி கிராணியை வைத்தே எல்லார் முன்னாலும் தமிழில் சொல்ல வைத்தார். வீட்டைக் காலி செய்யும் உத்தரவும் ரத்தானது. மறுநாள் குழாயடியில் பெண்கள் அண்ணிக்கு வழிவிட்டார்கள். அண்ணி தன் வாளியைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

துரை கிளம்பிய அன்று மொத்தத் தோட்டமும் வரிசையில் நின்றது. பரிசை அவர் ஆபீஸ் மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். நான் அதை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"மறந்துட்டீங்க துரை," என்று கார் ஜன்னல் வழியாக அவர் மடியில் வைத்தேன். அத்தனை பேர் பார்க்க, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்த ஏழு ஓட்டைகளும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.