பூதம் கட்டும் வனமாமலை

பள்ளிக்கூட வாசலில் வேன் நின்றதும் வனமாமலை முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றுகிறார். பக்தி என்று தலைமை ஆசிரியர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒருவர் நெகிழ்ந்துபோய்த் தானும் கழற்றிவிட்டாராம். விஷயம் அதுவல்ல. பிள்ளைகளுக்காக அவர் நடிக்கிற நாடகத்தின் முடிவில் பூதம் தொபுக்கடீரென்று மண்ணில் விழ வேண்டும். விழப்போகிற உடம்பு தன்னுடையது என்பதால், மைதானத்தை வெறுங்காலால் ஒரு சுற்று மிதித்துப் பார்த்துவிடுவார். கருவேல முள், சோடா மூடி, கண்ணாடிச் சில்லு, எந்தக் கம்பெனியிலிருந்தோ வந்து சேர்ந்த துருப்பிடித்த நட்டு எல்லாம் அவருடைய சட்டைப் பைக்குள் போகும். "ஒங்க கிரவுண்டையும் சும்மாவே கிளீன் பண்ணிக் குடுக்கோம் சார்" என்பார் ஆசிரியரிடம்.

நாங்குநேரிக்காரர். வயது முப்பத்து நான்கு. கதவு நிலை தலையில் இடிக்கிற உயரம், அதற்குத் தோதான தோள். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலைக்குக் காண்ட்ராக்ட் வேலைக்கு வந்தார். அங்கே தொழிலாளர்களின் குடும்ப விழாவில் யாரோ ராட்சசன் வேஷத்துக்கு ஆள் தேட, உயரத்தைப் பார்த்து இவரைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். அன்றைக்கு முன்வரிசைக் குழந்தைகள் சிரித்த சிரிப்பு மனிதரைக் கெடுத்துவிட்டது. காண்ட்ராக்ட் முடிந்ததும் இன்னொரு கம்பெனி கேட்டில் போய் நிற்காமல், செல்வலட்சுமி நடத்தும் சிறுவர் நாடகக் குழுவில் சேர்ந்துகொண்டார். "மெசினுக்கு முன்னால எம்புட்டு நேரம் நின்னாலும் அது ஒரு நாளும் சிரிக்காதுல்லா" என்று காரணம் சொல்கிறார்.

நாடகத்தின் பெயர் 'தூக்கம் திருடும் பூதம்'. தூக்கமே வராத ஒரு பூதம், ஊராரின் தூக்கத்தையெல்லாம் களவாடிச் சாக்குப் பையில் கட்டி வைத்துக்கொள்கிறது. கடைசியில் பார்க்க வந்த பிள்ளைகளே சேர்ந்து தாலாட்டுப் பாடிப் பூதத்தைத் தூங்க வைத்து, சாக்கை அவிழ்க்க வேண்டும். மற்ற மாவட்டங்களில் இந்த இடத்தில் பிள்ளைகள் கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி கத்துவார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மட்டும் வேறு மாதிரி. பூதம் கண்ணை மூடியதும் மைதானம் மொத்தமும் வாயில் விரலை வைத்துக்கொண்டு நுனிக்காலில் நடக்கும். ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற அப்பா அம்மாவோடு ஒற்றை அறையில் வளர்கிற பிள்ளைகள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு தடவை வல்லத்தில், பூதம் உறுமியபோது ஒரு சிறுமி எழுந்து நின்று, "டேய் பூதம், கத்தாத! எங்கப்பா நைட் ஷிப்ட்டு பாத்துட்டு பின்னால வூட்ல தூங்கிகினு கீறாரு!" என்று அதட்டினாள். அன்று முழுக்கப் பூதம் ரகசியக் குரலிலேயே உறுமியது.

ஊர் ஊராகச் சுற்றியதில் சில பழக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வேனில் டோலக்குக்கும் சாக்கு மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்தபடியே தூங்குவார், வேகத்தடையில் மட்டும் கண் திறக்கும். வேஷம் கலையாமலிருக்க டீயை உறிஞ்சுகுழல் போட்டுக் குடிப்பார். ஷிப்ட் விடுகிற நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி வழியை அடைத்துக்கொண்டால் இவருக்குக் கொண்டாட்டம். வேன் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, எதிர் பஸ்ஸில் தலை தொங்கிப்போயிருக்கும் யாரோ ஒரு பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிற வரைக்கும் கோணங்கி காட்டுவார். பெட்ரோல் பங்க் குழாயில் தேங்காய் எண்ணெயும் கடலை மாவும் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் சிவப்பு தங்கிவிடும். "இன்னா சார், அடிகிடி பட்டுகிச்சா?" என்று டீக்கடைக்காரர்கள் பதறுவார்கள்.

அவர் ஒருபோதும் விட்டுக்கொடுக்காத வழக்கம் ஒன்று உண்டு. வேஷத்தை மறைவில் போட மாட்டார். சாய டப்பாக்களை எடுத்துக்கொண்டு நேரே பிள்ளைகள் முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். "இது யாரு மூக்கு? மாமா மூக்கு. இப்பம் மாமா மூக்குக்குச் சேப்புச் சட்டை போடப் போறோம்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிப் பூசுவார். முகம் சிவக்கும். கண்ணைச் சுற்றிக் கரிய வளையம் வரும், உதட்டிலிருந்து தாடைக்குக் கோரைப்பல் இறங்கும். எல்லாம் முடிந்ததும் கேட்பார், "வெளிய யாரு?" "பூதம்!" "உள்ள யாரு?" "மாமா!" கடைசி வரிசைக் கடைக்குட்டி வரைக்கும் அந்த 'மாமா'வைச் சொன்ன பிறகுதான் முதல் உறுமல். "உள்ள ஆளு இருக்குன்னு தெரிஞ்சிட்டா பிள்ளையளுக்குப் பயமே சிரிப்பா மாறிரும்" என்பது அவர் கண்ட உண்மை. அப்படிச் சிரித்த பிள்ளைகள் நாடகம் முடிந்தும் விடுவதில்லை. தோளில் இரண்டு, முதுகில் ஒன்று, காலுக்கு ஒன்றாகத் தொற்றிக்கொண்டுதான் வேன் வரைக்கும் வழியனுப்புவார்கள்.

இத்தனை பிள்ளைகள் ஏறி விளையாடுகிற தோளில் அவருடைய மகள் மட்டும் ஏற மறுத்தாள் என்பதுதான் கதை.

மகள் பெயர் வரமங்கை, கூப்பிடுவது மங்கை. மூன்று வயது. மாத்தூரில் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருப்பு. மனைவி முத்துச்செல்விக்கு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை, பக்கத்து அங்கன்வாடியும் அங்கே உதவியாளராக இருக்கிற சந்திரம்மாளும்தான் பிள்ளைக்குத் துணை. வனமாமலை கிளம்பும்போது மங்கை எழுந்திருக்க மாட்டாள், திரும்பும்போது தூங்கியிருப்பாள். கடலூர், விழுப்புரம் என்று சுற்றுப்பயணம் போனால் அந்தத் தூங்குகிற முகமும் கிடையாது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள். உத்திரமேரூர்ப் பக்கம் முதல் காட்சி முடிந்து, இரண்டாவது ஊருக்குப் போகிற வழியில் மழை கொட்டியதால் காட்சி ரத்து. பொழுதிருக்கவே வேன் மாத்தூரை நெருங்கிவிட்டது. மங்கை முழித்திருப்பாள் என்ற ஒரே நினைப்புத்தான். வேன் நிற்கும் முன்பே குதித்து, முக்குக் கடையில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு ஓடினார். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். அன்று அவர் முகத்துக்குக் கை போகவில்லை. இரண்டாவது காட்சிக்காகக் கழுவாமல் விட்ட பூதம் அப்படியே இருந்தது. வேனில் உள்ளவர்களுக்கு அது தினம் பார்க்கிற முகம், ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. கடைக்காரர் கல்லாவிலிருந்து நிமிரவே இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு, "மங்கைக் குட்டீ! அப்பா வந்துட்டேன்!" என்று இரண்டு கையையும் விரித்தார்.

பிள்ளை வீறிட்டுக் கத்தி, கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் போய் ஒடுங்கியது. இவருக்கு அப்போதும் விளங்கவில்லை. எதையோ கண்டு பயந்திருக்கிறாள், தூக்கித் தேற்றலாம் என்று இன்னும் கிட்டே போனார். முத்துச்செல்விதான் நடுவில் பாய்ந்து, "ஐயோ, மொகத்தக் கழுவலியா நீங்க?" என்றார். அன்று ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல்.

காய்ச்சல் இறங்கியது, பயம் இறங்கவில்லை. கழுவித் துடைத்த முகத்தோடு போய் நின்றாலும், வாயைத் திறந்தால் மங்கை அம்மாவின் முந்தானைக்குள் போய்விடுவாள். அன்றைக்கு அந்த முகத்திலிருந்து வந்தது இதே குரல்தானே. ஊர் ஊராக "உள்ள யாரு" என்று கேட்டுப் பதில் வாங்காமல் வாயைத் திறக்காத மனிதர், சொந்த வாசலில் கேட்க மறந்துவிட்டார். பிறகு வீட்டில் அவர் பேசுவதே குறைந்துபோனது. மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பிள்ளை தூங்கிவிட்டதாக முத்துச்செல்வி கை காட்டிய பிறகே உள்ளே போவார். பெற்ற பிள்ளையைத் திருடன் மாதிரி ஒளிந்து பார்க்க வேண்டியிருந்தது.

மறைமலை நகர்த் தொழிற்சாலை ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஊர்க்கார நண்பர் இசக்கி சொல்லியிருந்தார். ஷிப்ட் வேலை, தினமும் வீடு திரும்பலாம். ஒரு நாள் வேனிலேயே வனமாமலை விஷயத்தை உடைத்தார். "எம்பிள்ள எம்மொகத்தப் பாக்க மாட்டேங்கா. பெறவு இந்தப் பொழப்பு எதுக்கு எனக்கு?"

வேனையும் ஓட்டி டோலக்கும் அடிக்கிற கன்னியப்பன் ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார். "ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தம்புள்ள தானா வளரும்னு சொல்லிகினு கீறானுங்கோ. எவன் சொன்னான்னு தெர்ல நைனா, அவனுக்குப் புள்ளையே இருந்திருக்காது."

செல்வலட்சுமி தடுக்கவில்லை. "பூதத்துக்கு நான் வேற ஆளப் பாத்துக்கறேன். நீ புள்ளையப் பாரு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முத்துச்செல்வி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "கம்பெனிக்குப் போனா மட்டும் இவ ஒங்க மடியில வந்து ஏறிருவாளா? வெளிய சுத்துன பூதம் தெனமும் வீட்டுக்குள்ளயே இருக்கும், அம்புட்டுதான். ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் முன்னால இருந்து பூசிக் காட்டுதீய. இவளுக்கு மட்டும் பூசிட்டு வந்து நின்னீய. இவளுக்கும் பூசிக் காட்டுங்க."

"பாதியில அழுதுட்டான்னா?"

"அழுதா அழட்டும். இப்பம் என்ன சிரிச்சிக்கிட்டா இருக்கா?"

வீட்டில் தனியாக வேண்டாம், கூட்டாளிகளோடு இருந்தால் தைரியம் வரும் என்று முத்துச்செல்வியே சந்திரம்மாளிடம் பேசி, அங்கன்வாடியில் ஒரு காட்சிக்கு ஏற்பாடு செய்தார். அதற்கு முந்தைய ராத்திரி வனமாமலைக்குத் தூக்கமில்லை. இன்னொரு முறை அவள் அலறிவிட்டால் அப்புறம் எந்தக் காலத்துக்கும் தன்னை அண்டவிட மாட்டாள் என்று அவர் மனம் அடித்துச் சொன்னது.

காலையில் அங்கன்வாடிக்குள் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ராத்திரி சந்திரம்மாள் வீட்டிலேயே தூங்கிய மங்கை, அவருடைய முந்தானையை வாயில் வைத்துக் கடித்தபடி சுவரோரமாக நின்றாள். ராத்திரி ஷிப்ட் முடிந்து நேரே வந்த முத்துச்செல்வி, கழுத்தில் கம்பெனி அட்டையோடு வாசலில் நின்றுகொண்டார். வனமாமலை மகள் பக்கம் திரும்பவே இல்லை. எட்டத்திலேயே உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்தார்.

"இது யாரு மூக்கு?" குரல் அவருக்கே கேட்காத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. மூக்கு சிவந்தது. பாயில் இருந்தவர்கள் கெக்கலி கொட்டினார்கள். நெற்றிக்குச் சட்டை, அப்புறம் இடது கன்னத்துக்கு. முந்தானைக்கு மேலே ஒரு கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் ஒவ்வொரு பூச்சையும் பின்தொடர்வது, பாராமலிருந்தும் அவருக்குத் தெரிந்தது.

அடுத்தது கரிய மை. கண் வளையமும் கோரைப்பல்லும் அதில்தான் வரும். அன்றைக்கு அவளை அலற வைத்தவை அவைதான். டப்பாவை மடிக்கு முன்னால் வைத்தார், விரல் உள்ளே போகவில்லை. முகத்தில் பாதி பூதமும் பாதி வனமாமலையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பல்லு போடு மாமா! பல்லு போடு!" என்று பிள்ளைகள் அவசரப்படுத்தினார்கள். கன்னியப்பனின் கை டோலக்கின் மேல் சும்மா கிடந்தது. இது ஆகாது, துடைத்துவிடலாம் என்று வனமாமலை பழைய துணியைக் கையில் எடுத்தார்.

அப்போது மங்கை முந்தானையை விட்டாள்.

நேராக வரவில்லை. சுவரைத் தொட்டுக்கொண்டே சுற்றி, பாயின் ஓரமாக நடந்து, அவர் எதிரில் வந்து நின்றாள். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மை டப்பாவைப் பார்த்தாள். குனிந்து சுட்டுவிரலை அதில் தோய்த்தாள். சாயம் படாத வலது கன்னத்தில், தினமும் காலையில் அவளுடைய அம்மா அவளுக்கு வைக்கிற அதே இடத்தில், ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள். தலையைப் பின்னுக்கு இழுத்து, சாய்த்துப் பார்த்தாள். பொட்டு வட்டமாக வரவில்லை போலிருக்கிறது. ஆடாமல் இருப்பதற்காக இடது கையால் அவர் தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் விரலை மைக்குள் விட்டாள்.