தீர்த்தம் தெளித்த அட்டைப் படகு

தகப்பனும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி மடித்தது. கிறகரி பிடித்துக்கொண்டார். நடாஷா வெட்டினாள். உட்காரும் கதிரைகள் எல்லாம் சுவரோரம் ஒதுங்கியிருந்தன.

“டடி, அட்டையோட உள்நெளி நீளவாக்குல வரணும். குறுக்க வந்தா நடுவுல மடங்கிரும்.”

“இஞ்சினியர் சொன்னா சரிதான்.”

“சோறு மேசையில வைக்கவா, கப்பல்ல வைக்கவா?” என்று குசினியிலிருந்து கேட்டார் அவள் அம்மா றோஸ்.

கிறகரி பிறந்தது நாவலப்பிட்டியில், ரயில்வே குவாட்டர்ஸில். கட்டுகஸ்தோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் வர்த்தகம் படிப்பித்தார். நீச்சல் தெரியாது. பள்ளிக்கூடங்களுக்கிடையே அட்டைப் படகுப் போட்டி தொடங்கிய வருடம் விஞ்ஞான ஆசிரியர் லீவு போட்டுவிட்டார். யாரிடம் பொறுப்பைக் கொடுப்பது என்று பள்ளி அதிபர் ஆசிரியர் அறையைச் சுற்றிப் பார்த்தபோது சரியான நேரத்தில் தலையைக் குனியத் தவறியவர் கிறகரிதான்.

பிறகு அதுவே பைத்தியமாகிவிட்டது. பஸ்ஸில் போகும்போது கடைவாசலில் பெரிய பெட்டி தெரிந்தால் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிடுவார். பாலத்தடியில் மின்சாரச் சாமான் விற்கும் மக்கீன் நானா ஒருநாள் கேட்டே விட்டார்: “சேர், எப்பயாச்சும் ஒரு பிரிட்ஜும் சேத்து எடுக்கிறதில்லையா?”

போட்டி கண்டியில் ஒரு நீச்சல் தடாகத்தில். இரண்டு பிள்ளைகள் ஏறி மறுகரைச் சுவரைத் தொட வேண்டும். அட்டையும் டேப்பும் மட்டும்தான். டேப்பும் வெளிப்பக்கம் மட்டும். கிறகரியின் படகுகள் ஒன்றும் இதுவரை சுவரைத் தொட்டதில்லை. ஒன்று கவிழ்ந்தது. ஒன்று புத்தகம் போல மடிந்தது. டிசம்பரில் அவருக்குப் பென்ஷன். “இந்த ஒரு தடவ தொட்டுட்டா போதும்,” என்று சாப்பாட்டு மேசையில் தினமும் சொன்னார்.

அதனால்தான் இந்தத் தடவை இஞ்சினியர் மகள் நடாஷாவே கணக்குப் போட்டாள். கணக்கில் பிழை இல்லை. பங்குக் கோயில் பாதர் பிறையனை மட்டும் அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

பாதர் எதையும் கஞ்சத்தனமாக மந்திரிப்பவர் அல்ல. அவர் மந்திரித்த புது முச்சக்கரவண்டியின் சீட் காய ஒருநாள் போகும். சனிக்கிழமை காலை தீர்த்த வாளியோடு தடாகத்துக்கே வந்துவிட்டார்.

“பாதர், கொஞ்சமா தெளிச்சாப் போதும்,” என்றாள் நடாஷா.

“புள்ள, போன வருசம் கொஞ்சமாத்தான் தெளிச்சேன். என்னா ஆச்சு?”

முன்னால், பின்னால், இருக்கைகளில் தெளித்தார். கிறகரிக்கு அதுவும் போதவில்லை. “நடுவுலயும் பாதர். அங்கதான் மடியுது.” பாதர் வாளியில் மிச்சமிருந்ததை நடுவில் கவிழ்த்தார்.

துடுப்போடு நின்ற மாணவன் ஸிபான் எட்டிப் பார்த்தான். “சேர், இங்கயே மூழ்கிட்டம் போலயே.”

“வாய மூடுடா.”

அவர்களுடையது கடைசிச் சுற்று. வெளியே டேப் ஒட்டியிருந்ததால் தண்ணீர் வடிய வழியில்லை. அட்டை நிதானமாகக் குடித்தது. நடாஷா அடியில் விரலை வைத்தாள். விரல் இறங்கியது.

“டடி, அடி ஊறிருச்சு.”

“மெதுவாப் பேசு. பாதருக்குக் கேட்டுரும்.”

விசில் ஊதியதும் ஸிபானும் அவனோடு ஏறிய ஜீவனும் முந்தினார்கள். கிறகரி சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் கரையோரமாகக் கத்திக்கொண்டு ஓடினார். பாதி தாண்டியதும் அடி பிய்ந்தது. ஸிபானின் கால்கள் படகுக்குக் கீழே போய்விட்டன. அந்தப் பக்கம் இடுப்பளவு ஆழம்தான். அவன் படகைப் பாவாடை போலப் பிடித்துக்கொண்டு நடந்தான். பின்னால் எதுவுமே நடக்காதது போல ஜீவன் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். படகின் மூக்கு சுவரைத் தொட்டது.

“கால் தரையில பட்டா செல்லாது சேர்,” என்றார் நடுவர்.

“படகுக்குக் கால் இருக்கக் கூடாதுன்னு எந்த விதியில இருக்கு?”

நடுவர் சிரித்தார். ஆனால் தீர்ப்பை மாற்றவில்லை. கிறகரிக்குக் கவலையே இல்லை. “தொட்டுச்சு. என் கண்ணால பார்த்தேன்.”

பாதர் பிறையன் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போய்விட்டார். திரும்பும் பஸ்ஸில் கிறகரி அதையேதான் பேசினார்.

“மனுசன் மூஞ்சியப் பார்த்தியா? தன்னாலதான் போச்சுன்னு நெனச்சிட்டாரு. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் சொல்லணும், டேப்புதான் சரியில்லன்னு.”

“அது பொய் டடி.”

“பொய்ய நான் சொல்றேன். நீ பக்கத்துல நில்லு. இஞ்சினியர் நின்னா நம்புவார்.”

ஞாயிறு காலை, பூசைக்குப் போகச் சப்பாத்து நாடா கட்டக் குனிந்த கிறகரி நிமிரவில்லை. இதயம்.

செவ்வாய்க்கிழமை அடக்கம். தீர்த்தம் தெளிக்கும் இடம் வந்தபோது பாதர் பிறையன் கையைத் தூக்கி, தயங்கி, பயந்து பயந்து ஒரே ஒரு தடவை உதறினார். பெட்டியில் விழுந்ததா என்றே தெரியவில்லை. நடாஷாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. அழுகிறாள் என்று நினைத்து யாரோ தோளைப் பிடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது உண்மையாகவும் ஆனது.

டேப்புதான் சரியில்லை என்று பாதரிடம் இன்னும் யாரும் போய்ச் சொல்லவில்லை.